எங்கள் சட்டையில் வேறு பதினோரு பேர்

விழுப்புரம் மைதானத்தின் இரும்புக் கேட்டைத் தாண்டியதும் இத்ரீஸ் அப்படியே நின்றுவிட்டான்.

இத்ரீஸ் எங்கள் கோல்கீப்பர். கோட்டக்குப்பத்துக்காரன். திண்டிவனத்தில் மாமாவின் செருப்புக் கடையில் வேலை. அவன் நின்றால் பின்னால் வருபவனுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது.

"இன்னாடா நின்னுட்ட? நட" என்று முதுகில் தள்ளினேன்.

"சேவியரு, அங்க பாரு. நம்ம சட்டைய போட்டுக்கினு யாரோ ஓடிக்கினு இருக்கறானுங்க."

எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை, வெள்ளைக் கை, நெஞ்சில் எங்கள் கழகத்தின் பெயர்: ‘நண்பர்கள் கால்பந்துக் கழகம், திண்டிவனம்.’ சட்டை புதிது. மடிப்புக்கோடு கூட இன்னும் போகவில்லை. அதைப் போட்டிருந்த பதினோரு பேரில் ஒருவனையும் எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் பதினான்கு பேர் பாசஞ்சர் ரயிலில் வந்திருந்தோம். முண்டியம்பாக்கம் ஆலையின் சர்க்கரைப்பாகு வாசனை இன்னும் மூக்கில் இருந்தது. பையில் பழைய சட்டைகள். புதுசு மைதானத்திலேயே கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

கேப்டன் தேவசகாயம், எங்களுக்குத் தேவா, நேராக நடுவரிடம் போனான்.

"சார், திண்டிவனம் டீம் நாங்க. நான்தான் கேப்டன்."

நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பேரு?"

"தேவசகாயம்."

"இல்லையேப்பா. லிஸ்ட் எப்பவோ குடுத்தாச்சு. லிஸ்ட்ல இருக்கறவங்கதான் ஆடணும்." அவர் விரல் தாளின் அடிவரை இறங்கி அங்கே நின்றது. "செயலாளர் சேவியர்னு போட்டிருக்குது. அது யாரு?"

பதிமூன்று தலைகள் என் பக்கம் திரும்பின.

இனிமை குறைகிறதாம்

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர், வரவர உங்கள் எழுத்தில் இனிமை குறைகிறது என்று கடிதம் போட்டிருந்தார். ஐயா, இந்த வாரம் இன்னும் குறையும். பழைய நினைவு என்றால் எல்லாவற்றுக்கும் சர்க்கரை தடவ வேண்டும் என்று யார் சொன்னது? சில நினைவுகளை எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் பல் நறநறக்கிறது.

தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான புதிது அது. தொண்ணூற்று மூன்றோ நான்கோ. அதற்கு முன்னால் ஒரு மேட்ச் ஆட வேண்டும் என்றால் கடலூர் போக வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆடி, நின்றுகொண்டே திரும்புவோம். தேவா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குபவன். காலையில் மூட்டை, மாலையில் பந்து. இரண்டுக்கும் ஒரே கால்தான்.

மாவட்டம் பிறந்ததும் மாவட்ட லீக் பிறந்தது. கடலூரில் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எங்களை நேராக முதல் டிவிஷனில் போட்டார்கள். அது சாதாரண விஷயமில்லை. முதல் டிவிஷனில் ஆடுபவர்களிலிருந்துதான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு மனுப் போடலாம். தேவாவுக்கு அந்த வருஷம்தான் வயது வரம்பில் கடைசி வருஷம்.

அவன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவனுக்கு வேலை கிடைக்காது என்று சொன்னதில்லை. இடது காலால் அவன் அடிக்கும் பந்து கோல்கீப்பருக்கு முன்னால் வந்து சட்டென்று கீழே இறங்கும். பயிற்சியில் இத்ரீஸ் அதைப் பிடிக்கத் தாவி மண்ணில் விழுந்து, படுத்தபடியே சிரிப்பான்.

மடித்த தாள்

எங்கள் கழகத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். மண்டி முதலாளி. பந்து வாங்கித் தந்தார், பரிசளிப்பு விழாவில் நாற்காலியில் உட்கார்ந்தார். கழகத்தைப் பதிவு செய்யும்போது தன் பெயரில் செய்துகொண்டார். எங்களில் ஒருவனுக்கும் அதில் ஒரு தப்பு தெரியவில்லை. ஆடுவதுதான் கழகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பதிவுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கழகம் என்று பிறகுதான் புரிந்தது.

அவருடைய சம்பந்தி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். கட்டடம் பாதி எழும்புவதற்குள் விளம்பரத்துக்கு ஒரு விளையாட்டு அணி தேவைப்பட்டது. புது அணி என்றால் மூன்றாம் டிவிஷனில் தொடங்க வேண்டும். முதல் டிவிஷனில் இடம் வேண்டும் என்றால், ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒரு கழகம் வேண்டும்.

ஒரு நாள் தலைவர் என்னை மண்டிக்குக் கூப்பிட்டார். நான்தான் செயலாளர். டிகிரியில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். கோணிச் சாக்கும் மல்லாட்டைத் தோலின் தூசியும் கலந்த வாசனையில் எனக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது.

"உக்காரு சேவியரு. புது ஜெர்சி வருது. எல்லார் கையெழுத்தும் வாங்கினு வந்துரு" என்று அட்டையில் செருகிய ஒரு தாளைத் தந்தார். தாளின் மேல்பாதி பின்பக்கம் மடித்துவிடப்பட்டிருந்தது.

"மேல இன்னா எழுதியிருக்குது தலைவரே?"

"அது ஆபீஸ் சமாச்சாரம். உனக்கின்னாத்துக்கு?" குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நாம கப்பு ஜெயிக்கறோம்னு வெச்சுக்க. பேப்பர்ல போட்டோ வரும். யாரு நிப்பா அதுல? காலனி பசங்க, சர்ச்சு பசங்க, பாயி பசங்க. நல்லாவா இருக்கும்? உன்ன சொல்லலப்பா. நீ படிச்சவன். காலேஜு ஆபீஸுக்கு ஒரு ஆள் வேணுமாம். உன் பேர சொல்லி வெச்சிருக்கறேன்."

நானும் சர்ச்சுப் பையன்தான். அப்போதே அட்டையை அவர் மேஜையில் வீசிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே நல்ல வெயில். தாளைத் தூக்கிப் பிடித்ததும் டைப் அடித்த எழுத்துகள் மறுபக்கம் தெரிந்தன. தலைகீழாக ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகப் பிடிபட்டது: ‘விலகி’.

மடிப்பைப் பிரிக்க ஒரு விரல் போதும். ஒரு நொடி போதும். நான் பிரிக்கவில்லை. பிரித்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த ஆபீஸ் வேலை போய்விடும்.

தேவா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.

"இன்னாத்துக்குடா?"

"ஜெர்சிக்கு."

"என்னுது பெரிய சைஸா சொல்லு. போன தடவ அக்குள்ல கிழிஞ்சிருச்சு."

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான்.

கோல் கோட்டில் உட்கார்ந்தவன்

மைதானத்துக்கு வருகிறேன். லீக் நடத்துபவர்களில் ஒருவர் ஃபைலைத் திறந்து காட்டினார். தாள் இப்போது மடிப்பு இல்லாமல் முழுசாக இருந்தது. ‘சொந்தக் காரணங்களால் கழகத்திலிருந்து விலகிக்கொள்கிறோம்.’ கீழே வரிசையாக எங்கள் கையெழுத்துகள். தேவாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை மண்ணின் பழுப்புக் கறை.

"பதிவுத் தேதி முடிஞ்சிருச்சு தம்பி. இந்த வருஷம் வேற டீம்லயும் ஆட முடியாது" என்றார் அவர்.

தேவா என்னைப் பார்த்தான். "நீதான வாங்கினு வந்த?"

"எனக்குத் தெரியாது தேவா. சத்தியமா தெரியாது. ஜெர்சிக்குன்னுதான் சொன்னாரு."

சத்தியமா என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தேவா நம்பினான். எல்லோரும் நம்பினார்கள். நானும் ஏமாந்தவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

இத்ரீஸ் பையைக் கீழே வைத்தான். நடந்துபோய்க் கோல் கோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எழுந்திருப்பா" என்றார் நடுவர்.

"என் எடம் இது. நான் எங்க போவட்டும்?"

அரைமணி நேரம் ஆட்டம் தொடங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிலர் கைதட்டினார்கள். கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுதான் போனார்கள். சுண்ணாம்புக் கோடு அவன் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சிவப்புச் சட்டைக்காரர்கள் அன்றைக்கு ஜெயித்தார்கள். மறுநாள் பத்திரிகையில், திண்டிவனம் வெற்றி என்று வந்தது.

தேவாவின் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. மனுப் போட அவனிடம் சான்றிதழ் இல்லை. ஆடி, கால் உடைந்து, தேர்வில் தோற்றுப்போயிருந்தால் கூட மனசு ஆறும். அவனை ஆடவே விடவில்லை.

கல்லூரி வேலைக்கு நான் போகவில்லை. அதை என் நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். போனால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான்.

சொட்டு நீலம்

கழகத்தை மறுபடி தொடங்கியது தேவாவும் இல்லை, நானும் இல்லை. தேவாவின் அக்கா ரீட்டா.

ரீட்டாக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பவர். பந்தைக் காலால் தொட்டதில்லை. சர்ச்சு பூசை முடிந்து வெளியே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் நிறுத்தினார்.

"எத்தினி நாளைக்குடா மூஞ்ச தொங்க போட்டுக்கினு திரிவீங்க? அந்தாளுகிட்ட இருக்கறது பேரு. காலு உங்ககிட்டதான இருக்குது?"

"மூணாவது டிவிஷன்லேந்து ஆரம்பிக்கணும்க்கா. பேஜாரு" என்றான் தேவா.

"ஆரம்பிங்க. இன்னா இப்போ?"

அவரே விதிமுறைகளை டைப் அடித்தார். முதல் விதி: எந்தத் தாளாக இருந்தாலும் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழ உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. இரண்டாவது: எதையும் கைதூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். தலைவர் பதவியே கூடாது என்று மூன்றாவதாக அடித்திருந்தார். பதிவு செய்யத் தலைவர் கட்டாயம் என்றார்கள். வருஷத்துக்கு ஒருவர், சீட்டுக் குலுக்கி எடுப்பது என்று மாற்றினார்.

"செயலாளர் யாருக்கா?" என்று கேட்டேன்.

"நான்தான். நீ வாணாம். படிக்காம கையெழுத்து வாங்கினு வர்றவன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முட்டாள் என்ற பெயர் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

பழைய பெயரில் ஒரு சொல்லைக் கூடப் பயன்படுத்தக் கூடாது என்று மண்டி முதலாளி வக்கீல் நோட்டீஸ் விட்டார். அதனால் ஏரிக்கரை கால்பந்துக் கழகம் என்று வைத்தோம். தண்ணீர் வற்றிய ஏரிதான் மைதானம். ஐப்பசி பிறந்தால் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும். தை கழிந்து சேறு காய்ந்ததும் வெடிப்புகளில் மண்ணைக் கொட்டி மிதித்துக் கோடு போடுவோம்.

சட்டைக்கு வெள்ளை பனியனைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஊறவைத்தோம். ஒன்று வானம் போல் வந்தது, ஒன்று மை கொட்டியது போல் வந்தது. முதல் மேட்ச் கண்டமங்கலத்தில். மழை பிடித்துக்கொண்டது. இடைவேளைக்குள் பனியன் வெளுத்து, எங்கள் கழுத்தும் கையும் நீலமாகிவிட்டன. கரும்பு வெட்டிவிட்டு நேராக ஆட வந்த எதிரணிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஐந்து கோல் வாங்கினோம்.

இத்ரீஸ் அடுத்த வருஷம் துபாய் போனான். லீவில் வரும்போதெல்லாம் கையுறையோடு நேராக ஏரிக்குத்தான் வருவான். ஒரு தடவை கோல் வலையைச் சுமந்துகொண்டு வந்தான். அதுவரை எங்கள் கோலுக்கு வலை கிடையாது.

தோற்ற கதை

இரண்டாம் டிவிஷனுக்கு ஏறவே பல வருஷமாயிற்று. அங்கிருந்து ஒரு தடவை கீழே விழுந்தோம். மறுபடி ஏறினோம். இதற்குள் நெடுஞ்சாலை நாலு வழியாகிவிட்டது. தேவாவுக்கு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் தற்காலிக வேலை கிடைத்தது. விடியற்காலையில் வால்வைத் திருகிவிட்டு, ஈரக் கையோடு பயிற்சிக்கு வருவான்.

ஒரு கோப்பைப் போட்டியில் எங்கள் பழைய பெயரில் ஆடிய அணியோடு மோதினோம். அதே சிவப்பு. இப்படி ஒரு ஆட்டம் கதையில் வந்தால் கடைசி நிமிடத்தில் தேவா கோல் போடுவான். எங்கள் ஆட்டத்தில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றான். முப்பத்து மூன்று வயது. எதிரே இருந்தவர்களுக்கு இருபது. அவன் இடது காலால் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. ஒரு கோலில் தோற்றோம். பத்து வருஷத்தைத் திருடிக்கொண்டவனை ஒரு சாயங்காலத்தில் ஜெயித்துவிட முடியாது.

கொஞ்ச காலத்தில் கல்லூரிக்குக் கால்பந்து சலித்துவிட்டது. கிரிக்கெட்டுக்கு மாறினார்கள். நண்பர்கள் கழகம் இரண்டு வருஷம் ஆள் அனுப்பாததால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எங்களிடமிருந்து பிடுங்கியதை வைத்து ஆடக்கூட அவர்களுக்கு மனசில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நாங்கள் முதல் டிவிஷனுக்கு வந்தது இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டி. அப்போது ஆடியவர்கள் வேறு. தேவாவும் நானும் ஓரத்தில் நின்று கத்துபவர்களாகிவிட்டோம்.

ஏரிக்குள் வந்த கார்

அதற்கு அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஏரிக்குள் ஒரு வெள்ளைக் கார் இறங்கியது. பழைய தலைவர் இறங்கினார். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு தாள்.

"பழசெல்லாம் மறந்துடலாம்பா. பேரு எங்கிட்ட இருக்குது, டீமு உங்ககிட்ட இருக்குது. ஒண்ணா சேந்துக்கலாம். விழா எடுக்கலாம்" என்றார். உட்கார்ந்திருந்த இளைஞர்கள் சிலர் எழுந்து நின்றார்கள். தேவா எழவில்லை.

ரீட்டாக்கா தாளை வாங்கினார். "எங்க கழகத்துல எதையும் சத்தமா படிச்சுதான் ஆவணும்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கழகத்தின் வரலாறு என்று ஒரு பத்தி வந்தது. ‘அன்றைய வீரர்கள் தாமாக விலகிய பின்னரும்…’

அங்கே நிறுத்தினார். "இத நீங்களே ஒரு தடவ படிங்க."

"அது வழக்கமா எழுதறதும்மா."

"யாரு வெலகினாங்க?"

தலைவர் சிரித்தார். என் பக்கம் கைகாட்டினார். "சேவியர கேளுங்க. அவருக்குத் தெரியாததா? ஏம்பா, உங்கிட்ட சொல்லிட்டுதான குடுத்தேன்?"

பொய். அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்பதும் பொய். இருபது வருஷத்துப் பொய்யை வைத்து என் வாயை அடைக்கலாம் என்று அந்த ஆள் அங்கே வந்து நிற்கிறார். அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

"யாரும் வெலகல" என்றேன். "மேல மடிச்சு குடுத்தாரு. வெயில்ல பாத்தேன். வெலகின்னு ஒரு வார்த்த தெரிஞ்சுது. பிரிச்சு படிக்கல. எனக்கு வேல தர்றேன்னு சொல்லியிருந்தாரு. அதனாலதான் பிரிக்கல. தெரியாதுன்னு உங்களுக்கெல்லாம் சத்தியம் பண்ணேன்."

ரீட்டாக்கா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சேர்றதுக்கு சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. "உங்க நல்லதுக்குதான் சொன்னேன்" என்று தலைவர் காருக்குப் போனார். சக்கரம் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று.

தேவா எழுந்து என் எதிரில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு ரயில்ல எம்பக்கத்துலதான உக்காந்துக்கினு வந்த?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரக் கூட்டத்தில் ரீட்டாக்கா ஒரு தாளை எழுந்து நின்று படித்தார். சேவியரைக் கழகத்திலிருந்து நீக்குவது என்று தீர்மானம். கொடுத்தவன் தேவா. ஒரு வார்த்தையும் அதில் கூட்டிச் சொல்லப்படவில்லை. படித்து முடித்ததும், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று தேவாவுடையது. இன்னொன்று என்னுடையது.

ரீட்டாக்கா என்னைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு. தீர்மானம் தோத்துருச்சு. அடுத்தது, சனிக்கிழம விழுப்புரம் பக்கம் காணையில மேட்ச். யாரு யாரு வர்றீங்க?"

தேவா கை தூக்கினான். நானும் தூக்கினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. இன்று வரை திரும்பவில்லை. சனிக்கிழமைகளில் அவன் ஒரு கோலுக்குப் பின்னால் நிற்கிறான், நான் எதிர்க் கோலுக்குப் பின்னால் நிற்கிறேன். இரண்டு பேரும் கத்துவது ஒரே அணிக்குத்தான்.